குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னாலிருந்த சுவர்

விழா மண்டபத்தின் பின்கதவருகே மீன்கழிவு நாறியதும், டோர்செட் பார்க் என்ற குடியிருப்புப் பகுதியில் இப்போது இடித்துத் தள்ளப்பட்டுவிட்ட எங்கள் அடுக்குமாடியின் பின்சுவர்தான் நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் தம்பி இருட்டும்வரை அந்தச் சுவரில் பேஸ்போல் பந்தை எறிந்து பிடிப்பான். டொக், டொக் என்று அது எங்கள் சமையலறைவரை கேட்கும். இரவு வேலைக்குப் போகும் இரண்டாம் மாடி அங்கிள் பல்கனியில் நின்று, "நிப்பாட்டடா உந்தச் சனியனை!" என்று கத்திப் பார்த்தார்; பிறகு நிர்வாகத்திடம் முறையிட்டு, கட்டடத்தின் குப்பைத்தொட்டிகள் எல்லாவற்றையும் அந்தச் சுவரோடு அடுக்க வைத்தார். தம்பி விடவில்லை. தொட்டிகளுக்கு மேலே தெரிந்த சுவரைக் குறிவைத்து எறிந்தான், தவறி விழுந்த பந்தை இறால்கோதுக்குள்ளும் அழுக்கு டயப்பருக்குள்ளும் கைவிட்டு எடுத்தான், அந்த நாற்றத்தோடேயே வீட்டுக்கு வந்தான்.

இன்று அவன் அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்போல் வீரன். அவன் இல்லாமலே நடந்த அவனுடைய பாராட்டு விழாவில் அதே அங்கிள் மைக்கைப் பிடித்து, "எங்கட பிள்ளை! அந்தப் பந்துச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு நித்திரையே வரும்" என்றார். சபை சிரித்துக் கைதட்டியது. முன்வரிசையில் அம்மாவும் கைதட்டினார். தம்பியின் சட்டையில் ஏறிய நாற்றம் போகவென்று தினமும் தேய்த்துத் தேய்த்துத் தோல் வெடித்த அதே கைகளால்.