எண்ணூர் வெந்நீரில் நாலாவது குரல்

வடசென்னையில் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட என்ன இருக்கிறது என்று தெற்குப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலம் இருக்கிறது. திருவொற்றியூரில் கடலுக்குள் நீட்டிய பாறைமேல் உட்கார்ந்து சுண்டல் தின்னலாம். இதையெல்லாம்விட, எங்கள் காலடிப்பேட்டைத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த இடம் ஒன்று உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தின் பக்கம் அனல்மின் நிலையத்துத் தண்ணீர் வந்து கலக்கும் இடம். இயந்திரத்தைக் குளிர்வித்துவிட்டு வரும் கடல்தண்ணீர் அது. தை மாதத்திலும் வெதுவெதுப்பாக இருக்கும். காணும் பொங்கலுக்கு ஊரே மெரினாவுக்கு ஓடும். நாங்கள் பிள்ளைகளோடு இங்கே வருவோம். கரையோரம் முழங்காலளவுதான் ஆழம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு காணும் பொங்கலன்று, கூட்டம் சேருமுன்னே நானும் அக்காவும் நான்கு பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தோம். அக்காவுக்கு மூன்று, எனக்கு ஒன்று. நால்வரில் என் மகள்தான் கடைக்குட்டி. அப்போது ஏழு வயது. அன்றைக்குப் பனி அதிகம். தண்ணீரிலிருந்து எழுந்த ஆவியும் அதோடு சேர்ந்துகொண்டு, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு உயரப் புகைபோக்கியே காணாமல் போயிருந்தது; ஆலையின் உறுமல் மட்டும் காலுக்கடியில் அதிர்ந்தது. ஒரு காக்கை இல்லை. ஒரு நாய் இல்லை.

"இன்னாடி இது, ஊரே செத்துப்போன மாதிரி கீது," என்றாள் அக்கா. எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் பிள்ளைகள் அதற்குள் இறங்கிவிட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாததால் காதால் பார்க்க ஒரு ஏற்பாடு செய்தேன். நான் "எண்ணு" என்று கத்தினால், பெரியதிலிருந்து சின்னதுவரை ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும். முதல் தடவையே "அஞ்சு", "ஆறு", "பேய்" என்று இஷ்டத்துக்குக் கத்திச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஒயுங்கா நம்பர் சொல்லு! எவளாவது வாலாட்டினா தோல உரிச்சிடுவேன்!"

என் வாய் அப்படி. வீட்டிலும் நாளைக்குப் பத்துத் தடவை தோலை உரிப்பேன். அதன் பிறகு சிரிப்புச் சத்தமே கேட்கவில்லை.

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நிம்மதியாகப் புளிச்சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தோம். அடுத்த தடவையும் நான்கும் வந்தன. மூன்று குரல்கள் நேரெதிரே. "நாலு" மட்டும் கொஞ்சம் வலப்பக்கமாக. "பனில சத்தம் அப்டிதான் அங்க இங்க போவும்," என்றாள் அக்கா. நம்பினேன். அதற்கும் அடுத்த தடவை "நாலு" தாமதமாக வந்தது. தூரத்திலிருந்து வந்தது.

அப்போது காற்று திரும்பி ஆவி சற்று விலகியது. தண்ணீரில் உட்கார்ந்திருந்தவர்களின் தலைகள் தெரிந்தன. மூன்று தலைகள். பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு "எண்ணு" என்று கத்தினேன். மூன்று வாய்கள் அசைந்தன. பிறகு ஆளே இல்லாத வெள்ளைக்குள்ளிருந்து என் மகளின் குரல், வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல் ஒழுங்காக வந்தது: "நாலு."

பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். ஆலையின் உறுமல்தான் கேட்டது. "எண்ணு" என்றேன். "நாலு."

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தக் கணத்தில், பிள்ளை போய்விட்டாள், குரல் மட்டும் மிச்சமிருக்கிறது என்றே நினைத்தேன். சேலையோடு தண்ணீரில் இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி நின்றேன். அக்கா தன் பிள்ளைகளைக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

வெள்ளைக்குள் ஏதோ ஒன்று கறுப்பாக அசைந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பெண்மணி வந்தார். கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர். கழுத்தில் ஓலைப்பை தொங்கியது. இடுப்பில் என் மகள், உதடெல்லாம் வெளுத்து.

"உன் பொண்ணாம்மா? தண்ணி இஸ்துகினு போயிருக்கு. அந்தாண்ட தண்ணில நட்ட பழைய கம்பத்த கட்டிக்கினு நின்னுகினு கீது. கழுத்து மட்டும் தண்ணி. நீ கூவசொல்லோ நம்பரு மட்டும் கரீட்டா சொல்லுது."

"ஏன்டி, அம்மான்னு ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?" அழுகையும் ஆத்திரமுமாகக் கேட்டேன். மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண்மணி என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "நான் தூக்கசொல்லோ அது சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். 'அம்மாகிட்ட சொல்லிடாத ஆயா'ன்னுச்சு."

நான் இரண்டு கைகளையும் நீட்டினேன். என் மகள் அவருடைய கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.