தண்ணீரின் மேல் விழுந்த முத்திரை

1. மை காயவில்லை

ஊதா மை இன்னும் காயவில்லை. தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டியது. நூலக வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த வட்டத்தை எத்தனையோ ஆயிரம் தாள்களில் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதனின் காலடியில் பார்த்தது அன்றுதான்.

தாம்பரத்துக்குக் கிழக்கே, வேளச்சேரி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது எங்கள் கிளை நூலகம். வாசலில் ஒரு கரும்பலகை. தினமும் காலையில் அரசுச் செய்திகளை அதில் எழுதுவது என் வேலை. எந்தத் தெருவில் மின்தடை, பட்டா முகாம் எங்கே, பகுதி சபைக் கூட்டம் எப்போது. புத்தகமே தொடாதவர்கள்கூட அந்தப் பலகைக்காக வண்டியை ஓரங்கட்டுவார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே படித்துவிட்டுப் போவார்கள். நூலக வார விழாவுக்கு நம் பகுதியின் பழைய புகைப்படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தப்போகிறோம், படம் இருப்பவர்கள் தாருங்கள் என்று அந்தப் பலகையில்தான் எழுதினேன்.

பெரும்பாலானவர்கள் வாட்ஸப்பில் அனுப்பினார்கள், நாங்கள் பிரிண்ட் எடுத்துக்கொண்டோம். பிலோமினா டீச்சர் மட்டும் அசலையே கொண்டுவந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் தனியாக இருக்கிறவர். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று வெகு காலமாகிறது, கணவர் போய் ஒரு வருஷம். அட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம் அது. ஏரியின் கலங்கலில், உபரித் தண்ணீர் வழிந்தோடும் அந்தக் கல் சரிவில், ஓர் இளைஞன் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு நிற்கிறான். வெள்ளைத் துணியை உதறி விரித்ததுபோல் அவன் கால்களைச் சுற்றித் தண்ணீர். பின்னால் பனைமரங்கள், அதற்கும் பின்னால் வானம். ஒரு கட்டடம் இல்லை. கல்யாணமான புதிதில், யாரிடமோ கேமரா வாங்கி, டீச்சரே எடுத்த படம்.

வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது ஆல்பங்களெல்லாம் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிட்டனவாம். அலமாரியின் மேல்தட்டில் இருந்ததால் இது தப்பியது.

"கண்காட்சி முடிஞ்ச அன்னிக்கே குடுத்துடணும் சார். அவருக்கு வேற படம் இல்ல."

தருகிறேன் என்றேன்.

அதே காலையில் அன்பளிப்புப் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. என்னோடு வேலை பார்க்கும் சாந்தகுமார் ஸ்டாம்ப் பேடைத் திறந்தான். புத்தகம் வந்தால் எங்கள் கைகள் தாமாகவே இயங்கத் தொடங்கிவிடும். தலைப்புப் பக்கத்தில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று, நடுவில் எங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பக்கத்தில் இன்னொன்று. கண் ஜன்னலைப் பார்க்கும், வாய் கிரிக்கெட் பேசும், கை அடித்துக்கொண்டே போகும். மேஜையின் ஓரத்தில் டீச்சரின் அட்டை இருந்தது. அட்டை என்று கைக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

"அடிச்சுட்டேன் சார்," என்றான் சாந்தகுமார்.

"எங்க?"

"தண்ணியில." குனிந்து பார்த்துவிட்டு, "கால்லயும் கொஞ்சம்."

2. இப்போது அவர் யாருடையவர்

முத்திரையோடு போயிருந்தால் மன்னிப்பு கேட்டு முடித்திருக்கலாம். சாந்தகுமார் வேலையில் சுத்தமானவன். முத்திரை அடித்த கையோடு சேர்க்கைப் பதிவேட்டிலும் ஏற்றியிருந்தான். 'புகைப்படம், அட்டையில் ஒட்டியது, ஒன்று.' நான் மேலிடத்தோடு போனில் பேசிக்கொண்டே அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். சேர்க்கை எண் விழுந்துவிட்டால் அந்தப் பொருள் அரசுச் சொத்து. பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. கரையான் தின்று தூளான புத்தகத்தைக்கூட நாமாகத் தூக்கிப் போட முடியாது. எழுதிக் கேட்க வேண்டும், ஆணை வர வேண்டும், நீக்க முத்திரை அடிக்க வேண்டும். அதன் பிறகுதான் அது இறந்ததாகக் கணக்கு.

கண்காட்சி தொடங்கிய அன்று டீச்சர் வந்தார். படத்தின் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். கத்துவார் என்று சாந்தகுமார் அலமாரிகளுக்குப் பின்னால் போய்விட்டான். அவர் கத்தவில்லை. வகுப்பில் பதில் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"இப்ப அவரு யாரோடவரு சார்?"

அரசுடையவர். பதிவேட்டின்படி அதுதான் பதில்.

விழாவுக்கு எங்கள் மேலிடத்திலிருந்து ஓர் அலுவலர் வந்திருந்தார். பல்லாவரத்தில் நான் இருந்த காலத்திலிருந்தே பழக்கம், நல்ல மனிதர். டீச்சர் என்னை விட்டுவிட்டு நேராக அவரிடம் போனார். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். விதி இப்படி, நீக்கம் கேட்டு எழுதச் சொல்கிறேன், நானே பரிந்துரைக்கிறேன், ஆணை வரும்வரை படம் இங்கேதான் இருக்க வேண்டும் என்றார். எப்போது வரும் என்று டீச்சர் கேட்டார். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

டீச்சர் விடவில்லை. படம் வெளியே போகவே கூடாதா, அல்லது திரும்பி வராமல் போகக் கூடாதா என்று கேட்டார். அலுவலர் யோசித்து, திரும்பி வராமல் போகக் கூடாது என்றார்.

"அப்ப எனக்கு இரவலாக் குடுங்க. நான் மெம்பர் ஆயிடறேன்."

அலுவலர் என்னைப் பார்த்தார். புகைப்படத்தை இரவல் கொடுக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை, ஏனென்றால் எந்தக் கிளையிலும் புகைப்படம் சேர்க்கையில் ஏறியதே இல்லை. "கண்காட்சி முடிஞ்சதும் கார்டு போட்டுக் குடுங்க சார்," என்றார். அப்புறம் டீச்சரிடம் குரலைத் தாழ்த்தி, "ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் கொண்டாந்து காட்டணும்மா. புதுப்பிக்கணும்," என்றார்.

அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

3. டியூ

டீச்சர் வருவார். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் ஷேர் ஆட்டோ பிடித்து, மடியில் துணிப்பையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு. பைக்குள் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் கணவர். மேஜையில் வைப்பார், நான் சரிபார்த்துத் தேதி போடுவேன், மறுபடி பைக்குள் போவார். தேதி தவறினால் போன் செய்வது சாந்தகுமார். முதல் முறை அவன் தயங்கித் தயங்கிப் பேசினான். கொஞ்ச நாளில் பழகிவிட்டது.

"டீச்சர், சார் டியூ ஆயிட்டாரு. நேத்தே வந்திருக்கணும்."

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, இவன் சிரித்துக்கொண்டே எங்களுக்கு மொழிபெயர்த்தான். மழையில் அவரைக் கூட்டிவந்தால் சளி பிடிக்குமாம், நாளைக்குக் கூட்டிவருகிறாராம்.

படம் மேஜைக்கு வரும் நாளில் நாளிதழ் மேஜைக்காரர்களும் எழுந்து வருவார்கள். காலையில் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக மாற்றி மாற்றிப் படிப்பவர்கள். ஒருவர் கையில் விளையாட்டு, இன்னொருவரிடம் அரசியல், வரிவிளம்பரம் யாருக்கும் வேண்டாததால் தரையில். கலங்கல் எங்கே இருந்தது என்று ஒரு நாள் பேச்சு வந்தது. மொபைல் கடை இருக்கும் இடம் என்றார் ஒருவர். இல்லை, அதற்கடுத்த அபார்ட்மெண்ட் என்றார் இன்னொருவர். டீச்சர் எழுந்து வாசலுக்குப் போய்க் கையை நீட்டிக் காட்டினார். தண்ணீர் அப்படி வந்து இப்படித் திரும்பும் என்றார். அவர் கை போன வழியில்தான் ஒவ்வொரு மழைக்கும் எங்கள் தெருவில் முழங்கால் அளவு நிற்கிறது.

அந்தப் படத்தை ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு நாளிதழ் மேஜை மொத்தமும் பகுதி சபைக்குப் போனது. கூட்டம் நடக்கும் இடத்தைப் பலகையில் நான் எழுதியிருந்தேன், அவர்களே படித்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் போன வழி இது, இங்கே கால்வாய் வேண்டும் என்று படத்தைக் காட்டினார்களாம். இப்போது ஒரு பக்கம் வெட்டியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் வெட்டுவார்கள் என்று பலகையில் எழுத ஆசையோடு காத்திருக்கிறேன்.

எனக்கு ஓரிடத்தில் நிற்கிற சுபாவம் இல்லை. கூடுவாஞ்சேரிக்கு மாற்றல் கேட்டுப் பார்த்திருக்கிறேன், வேலையையே விட்டுவிடலாம் என்று ரயில் ஜன்னல்களில் பல தடவை முடிவெடுத்திருக்கிறேன். அந்த வருஷம் கேட்கவில்லை. சில பனைமரங்களும் ஒரு மனிதனும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என் மேஜைக்கு வந்து போகும்போது எங்கே போவது?

4. ஆணை

ஆணை வந்தது. நான் டீச்சருக்குப் போன் செய்தேன். அன்று அவர் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தார், சாந்தகுமாருக்கு. படத்தை மேஜையில் வைத்தார். சாந்தகுமார் நீக்க முத்திரையைத் துடைத்து, சிவப்பு மையில் ஒற்றி, வெள்ளைத் தாளில் அடித்துச் சோதித்துத் தயாராக வைத்திருந்தான். தன் கை செய்ததைத் தன் கையாலேயே முடிக்க வேண்டும் என்று அவனுக்கு.

"இது எங்க விழும்?" என்று டீச்சர் கேட்டார்.

பழைய முத்திரையின் மேலேயே, குறுக்காக அடிக்க வேண்டும், அதுதான் முறை என்றேன். அதற்குப் பிறகு படம் முழுக்க அவருடையது, இனி இங்கே வரவே வேண்டியதில்லை.

அவர் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊதா வட்டம் தண்ணீரில் சாவகாசமாக மிதந்துகொண்டிருந்தது. வெளியே ஷேர் ஆட்டோக்காரன் ஜங்ஷன் ஜங்ஷன் என்று கூவிக்கொண்டு போனான்.

"வேணாம் சார்," என்றார்.

படத்தில் மை படும் என்று பயமென்றால் பின்பக்கம் அடிக்க அனுமதி கேட்கிறேன் என்றேன். அதற்கில்லை என்று தலையாட்டினார்.

"அவரு போனதுக்கப்புறம் மொத மாசம் எல்லாரும் விசாரிச்சாங்க. அப்புறம் பக்கத்து வீட்டுல, சர்ச்சுல, சொந்தத்துல, யாரும் அவர் பேரை எடுக்கறதில்ல. என் மனசு கஷ்டப்படும்னு நெனச்சுக்கறாங்க. இந்த ஒரு இடத்துலதான் இன்னும் அவரைக் கேக்கறீங்க. ஏன் இன்னும் வரலன்னு போன் வேற பண்றீங்க." சாந்தகுமாரைப் பார்த்துச் சிரித்தார். "இரவல்லயே இருக்கட்டுமே."

ஆணையைச் செயல்படுத்தாமல் வைத்திருக்க, நானே ஒரு விளக்கம் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. 'வாசகர் தொடர்ந்து பயன்படுத்தி வருவதால் நீக்கம் தேவைப்படவில்லை.' அலுவலர் அதை ஏற்றுக்கொண்டார்.

இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு சொல்தான். கொடுப்பதை எல்லோரும் நன்றாகச் செய்துவிடுகிறார்கள். போனை எடுத்துத் திருப்பிக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். அந்தப் பக்கம் ஒருவர் அதற்காகவே தேதியைத் தவறவிட்டிருக்கலாம்.

சாந்தகுமார் சிவப்பு மையை மூடி வைத்தான். நான் தேதி முத்திரையை எடுத்து, இரண்டு வாரம் தள்ளிச் சுழற்றி, சீட்டில் அடித்தேன்.