பதினான்காவது பலகை

1

மலேசியாவில் ரவாங் டவுனைத் தாண்டி மலைக்குள் போகும் அந்தச் சாலையில் ஓட்டிய முதல் நாள், சூப்பர்வைசர் சிவா காகிதத்தில் ஒரு கோடு கிழித்துக் காட்டினார். பத்தொன்பது கிலோமீட்டர். மரம் ஏற்றும் லோரிகளுக்காக ஒரு காலத்தில் வெட்டிய மண்சாலை. மரக் கம்பெனி மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. உச்சியில் ஒரு டெலிபோன் டவர். அதன் ஜெனரேட்டருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை டீசல் கொண்டுபோவது என் வேலை.

"ரெண்டு வண்டி சேர்ந்து போற ரூட்டு அங்கிள். ஆனா ஆள் இல்ல லா. நீங்க சீனியர், சமாளிச்சிருவீங்க."

சீனியர் என்று ஆரம்பித்தாலே எதையோ நம் தலையில் கட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். சாவியை வாங்கிக்கொண்டேன்.

இளவயதில் நானும் மரலோரி ஓட்டியவன்தான். அந்தச் சாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வண்டி அகலம்தான் இருக்கும். வளைவுக்கு அப்பால் எது வருகிறது என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் ரேடியோவில் சொல்ல வேண்டும். காலி வண்டி ஏறுகிறது என்று சொன்னால், மரத்தோடு இறங்குகிறவன் எங்கே எதிர்ப்படுவோம் என்று கணக்குப் போட்டுக்கொள்வான். சொல்லாமல் போகிறவனை மற்ற டிரைவர்கள் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள்.

இங்கே பலகைகள் மட்டும் மிச்சம். எதிரே வர ஒரு வண்டியும் இல்லை. இருந்தாலும் கை தானாக மைக்கைத் தேடியது.

"கிலோ ஒன்னு, ஏறுறேன்."

கரகரப்புதான் பதில்.

2

அந்த வருடம் என் மனைவி காலமானாள். மகள் தூரத்தில், ஜோகூரில். கிள்ளான் வீட்டில் பேச ஆளில்லை. ஒருநாள் ஐந்தாவது பலகையைச் சொல்லிவிட்டு மைக்கை வைக்காமல், "இன்னிக்கு ரசம் வெச்சேன், வாயில வெக்க முடியல" என்றேன். யாரும் கேட்கவில்லை என்ற தைரியம். அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. மகள் போன் செய்யாதது, ராத்திரி தூக்கம் வராதது, எல்லாவற்றையும் அந்தச் சேனலில் கொட்டினேன். ஒருமுறை அழுதும் இருக்கிறேன்.

விபத்து நடந்த அன்று மீன் குழம்புக் கதை. பதின்மூன்றாவது பலகையைச் சொல்லிவிட்டு, "உப்பு கூடிப்போச்சு, அதுக்கு என்ன பண்ணேன்னா" என்று ஆரம்பித்தேன். அதற்குள் ஓடைப் பாலம் வந்துவிட்டது. நாலு மரத்தைப் போட்டு மண் அடித்த பழைய பாலம். முன்சக்கரம் ஒன்று சந்தில் இறங்கி மாட்டிக்கொண்டது.

மைக்கைப் போட்டுவிட்டு, வண்டியை இழுத்து மீட்கும் வின்ச் கம்பியை எதிர்க்கரை மரத்தில் கட்ட இறங்கினேன். இறங்குகிறேன் என்று சொல்லவில்லை. நான் செய்த தப்பு அதுதான். காலடியில் கரை சரிந்து, பாலத்தின் ஓரமரம் உருண்டு என் வலது பாதத்தின் மேல் உட்கார்ந்தது.

காலை பத்து மணி. மைக் வண்டிக்குள். போனில் லைன் இல்லை. நான் ஓடைக்குள் முழங்கால் தண்ணீரில். மதியத்துக்கு மேல் மலையில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது சத்தம் போடுவதை நிறுத்தினேன். யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை.

அப்போது மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. பின்சக்கரத்தில் சங்கிலி சுற்றிய பழைய வண்டி. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் குதித்து இறங்கினார்.

"அண்ணே! பதிமூனு சொன்னீங்க, பதினாலு சொல்லவே இல்லையே! செட்டு கோளாறுன்னு நெனச்சேன், மதியம் ஆகியும் வண்டி எறங்கற சத்தமும் கேக்கல!"

அவர் பெயர் குணா. பதினோராவது பலகையில் பிரியும் கிளைச்சாலையில், மரக் கம்பெனியின் பழைய புல்டோசர்களுக்குக் காவல். அந்தக் கிளைச்சாலைக்குக் குறுக்கே சங்கிலி கிடந்ததால் அங்கே ஆளே இல்லை என்று நினைத்திருந்தேன்.

என் வண்டியின் ஜாக்கை எடுத்து அவர் மரத்தைத் தூக்கினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்:

"என் பேச்சு கேக்குமா உங்களுக்கு?"

"ரெண்டு வருஷமா கேக்குறேன் அண்ணே. என் பேட்டரி வீக்கு. கேக்கலாம், பேச முடியாது. பேசுனா செட்டு செத்துரும்."

"பக்கத்துலதானே இருக்கீங்க. ஒரு தடவ வந்து சொல்லியிருக்கலாமே."

அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் கேக்குறேன்னு தெரிஞ்சா நீங்க பேச்ச நிறுத்திருவீங்கன்னு பயம் அண்ணே. எனக்கும் இங்க வேற யாரு இருக்கா?"

என்னைத் தன் முதுகோடு துண்டால் கட்டிக்கொண்டு, பதின்மூன்று கிலோமீட்டரும் அந்த மோட்டார்சைக்கிளில் இறக்கினார். கால் எலும்பு இரண்டு முறிந்திருந்தது. உயிர் மிஞ்சியது.

3

புது டிரைவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பதில் வராவிட்டாலும் பலகையைச் சொல்லுங்கள். வண்டியை விட்டு இறங்கினால் அதையும் சொல்லுங்கள்.

நாலு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது, முதலில் அந்தச் சங்கிலியைத் தாண்டிப் போய்க் குணாவுக்கு ஒரு லோரி பேட்டரியை இறக்கிக் கொடுத்தேன். பிறகு மலை ஏறினேன்.

"கிலோ பன்னெண்டு, ஏறுறேன்."

"கேட்டுச்சு அண்ணே."

இவரிடமா இத்தனையும் சொன்னோம் என்று வெட்கம். பதின்மூன்றில் பலகை நம்பரை மட்டும் சொன்னேன். புதுப் பாலத்தைத் தாண்டிப் பதினான்கிலும் நம்பரை மட்டும் சொன்னேன். அவர் பயந்தது நடந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. மைக்கை மாட்டப் போனேன்.

ரேடியோ கரகரத்தது.

"அண்ணே, அந்த மீன் கொழம்பு. உப்பு கூடிப்போச்சுன்னீங்களே. அப்புறம் என்ன பண்ணீங்க?"

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"உருளக்கெழங்கு வெட்டிப் போட்டேன் தம்பி."

"நானும் அதான் நெனச்சேன்" என்றார் குணா.