பதினெட்டுப் பாகை

தேர்க்கொட்டகையின் மூலையில் மட்டை சுற்றிய இரும்பு வளைவு ஒன்று சாத்திக் கிடந்தது. செல்வரட்ணம் மட்டையைக் கிழித்துப் பார்த்தார். கறுப்பு நிறம். புத்தம் புதிது. போல்ற் பூட்டும் துளைகளில் எண்ணெய் கூடக் காயவில்லை. அது எதிலிருந்து கழற்றப்பட்டது என்று பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. கிழித்த மட்டையைக் கசக்கி எறிந்தார்.

வெளியே, கோயில் முன்றலில், புதுப் புல்வெட்டும் வண்டிக்கு ஐயர் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்.

செல்வரட்ணத்துக்கு அறுபத்து நான்கு வயது. டோர்செட் பார்க்கில் ஒரு தொடர்மாடியின் பதினோராவது மாடியில் மனைவி கமலாம்பிகையோடு இருக்கிறார். சொந்தமாக ஒரு சாண் புல்லும் அவருக்கு இல்லை. ஆனால் இந்த நாட்டுக்கு வந்த பிறகு இருபத்தொரு வருடம் புல்லில்தான் சீவியம் போனது. நகரத்துக்கு வடக்கே மேடும் பள்ளமுமான ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை. ஏறி இருந்து ஓட்டிப் புல்வெட்டும் மோவர்களில் அவர் ஓட்டாத வகை இல்லை. இளைப்பாறிய பிறகு கோயில் வளவைத் தானாகவே பொறுப்பெடுத்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை.

கோயில் மோர்னிங்சைட்டுக்கு அப்பால் நாலு ஏக்கரில் இருக்கிறது. முன்பக்கம் மட்டம். பின்பக்கம் சரிந்து இறங்கி, மழைத்தண்ணீர் தேங்க வெட்டிய குட்டையில் முடியும். தேரன்று சனம் அந்தச் சரிவில் இருந்துதான் தேர் பார்க்கும். ஆகவே புல் வெட்டியே ஆகவேண்டும்.

சித்திரையில் பழைய மெஷின் செத்துப்போனது. "நீங்களே ஒரு நல்ல மெஷினாப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார் நிர்வாகசபைத் தலைவர். செல்வரட்ணம் அதை உண்மை என்று நம்பினார்.

ஒரு நீட்டுப் பலகையைச் சரிவில் கிடத்தி, அதன்மேல் கைபேசியை வைத்துச் சாய்வை அளந்தார். ஐந்து இடத்தில் அளந்தார். கூடிய இடத்தில் பதினெட்டுப் பாகை. பிறகு கடை கடையாகப் போனார். விற்பனையாளர்கள் எஞ்சினின் பலம் பற்றிக் கதைத்தார்கள். இவர் குனிந்து சில்லுகளுக்கு இடையே உள்ள அகலத்தைப் பார்த்தார். கையேட்டில் சரிவைப் பற்றிய பக்கத்தைத் தேடி எடுத்து, நின்றபடியே வாசித்தார். அவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

தேடத் தொடங்கி மூன்றாம் கிழமை ஒன்று அகப்பட்டது. பாவித்தது. மஞ்சள் நிறம் வெளிறிப் பார்க்கவும் வடிவில்லை. ஆனால் நிலத்தோடு பதிவானது, அகலமானது. நாலு சில்லும் இழுக்கும். ஸ்ரியறிங் உண்டு. வண்டி கவிழ்ந்தாலும் காக்கத் தலைக்கு மேலே இரும்பு வளைவு, இடுப்புக்குப் பட்டி. அந்த வண்டிக்கு இருபது பாகை வரை அனுமதி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினார். கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டார்: இதைத் தவிர வேறெதையும் அந்தச் சரிவில் இறக்கக்கூடாது.

நிர்வாகசபைக் கூட்டத்தில் அந்தத் தாள் வடைத் தட்டுக்குக் கீழே போனது.

சிவபாதம் புது மெஷின் உபயம் செய்வதாகச் சொன்னார். அவருக்கு இரண்டு விழா மண்டபங்கள் உண்டு, யூனியன்வில்லில் பெரிய வீடு உண்டு. அந்த வீட்டில் அவர் ஓட்டும் அதே வகை. சிவப்பு நிறம், நின்ற இடத்தில் சுழலும்.

"பழசை என்னெண்டு ரட்ணண்ணை சுவாமிக்குக் குடுக்கிறது?" என்றார்.

"சுவாமி புல்லு வெட்டேல்லை. நான்தான் வெட்டுறன்."

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"உதுக்கு ஸ்ரியறிங் இல்லை, சிவபாதம். ரெண்டு தடிதான். முன்சில்லு ரெண்டும் சுப்பர்மார்க்கற் வண்டில்ர சில்லு மாதிரித் தன்ர பாட்டுக்குத் திரும்பும். சரிவில பின்சில்லு வழுக்கினால் திருப்பவும் ஏலாது, நிப்பாட்டவும் ஏலாது."

"நான் மூண்டு வருசமா ஓடுறன். ஒரு நாள் வழுக்கேல்லையே."

"உங்கட வளவு கரம்போட் மாதிரி மட்டம்."

"அதுக்கு ஏன் அண்ணை எரிச்சல்?"

இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

அப்போதுதான் செல்வரட்ணம் ஜூலியஸைப் பற்றிச் சொன்னார். மைதானத்தில் கூட வேலை செய்தவன். கமலாம்பிகையின் கத்தரிக்காய்ப் பொரியலுக்காகத் தன் சாப்பாட்டை மாற்றிக்கொள்கிறவன். ஒன்பது வருடத்துக்கு முன், பனி காயாத ஒரு காலை, மரக்கிளை தட்டுகிறது என்று இரும்பு வளைவை மடித்துவிட்டு ஓட்டினான். வண்டி வழுக்கிக் குளக்கரையில் தலைகீழாக விழுந்தது. முழங்கால் அளவு தண்ணீர்தான். செல்வரட்ணமும் இன்னும் இரண்டு பேரும் வண்டியைத் தூக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. கொஞ்ச நேரம் அவனுடைய கை அசைந்தது.

சபையில் "த்சொ" என்றார்கள். பிறகு தலைவர், "வாற உபயத்தை வேண்டாமெண்டு சொல்லேலுமே?" என்றார். ஒன்பது கை உயர்ந்தது. ஒன்பது பேரில் ஒருவரும் மோவரில் ஏறிச் சரிவில் இறங்கியவரில்லை.

இதோ, அந்தச் சிவப்பு வண்டி வந்துவிட்டது. இரும்பு வளைவு இருக்கவேண்டிய இடத்தில் நாலு மெல்லிய குழாயில் பட்டுத்துணிக் கூரை. கூரையின் நெற்றியில் பொன்னெழுத்து: உபயம், சிவபாதம் குடும்பத்தினர், யூனியன்வில்.

செல்வரட்ணம் இரும்பு வளைவைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்றலுக்கு வந்தார். சனம் வழி விட்டது.

"இதை ஆர் கழட்டினது?"

"ஓ, அதோ?" என்றார் சிவபாதம். "போர்ட் அடிச்ச பொடியன் கழட்டினவன். எழுத்தை மறைக்குது. இப்பத்தான் மேல கூரை இருக்கே. உங்களுக்கு வெயிலும் படாது."

"இது வெயிலுக்கில்லை. கவிண்டால் தலை நசியாமல் இருக்க."

"நல்ல நாளில உப்பிடி வாய் வையாதேங்கோ" என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

ஐயர் நாலு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்துவிட்டார். வெற்றிலையில் சாவியை வைத்து நீட்டினார். மாற்றுச் சாவியும் சேர்ந்து, இரண்டும் மஞ்சள் நூலில் கட்டியிருந்தன.

"ஏறி ஒருக்காக் குட்டை வரைக்கும் ஓடிக் காட்டுங்கோ அண்ணை. வீடியோ எடுக்கினம்" என்றார் தலைவர்.

செல்வரட்ணம் வளைவைத் தரையில் போட்டார். அது சீமெந்தில் விழுந்த சத்தத்துக்கு ஒரு குழந்தை அழுதது. சாவியை எடுத்துச் சிவபாதத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீங்கள் ஏறுங்கோ."

"பட்டுவேட்டியோட என்னெண்டு அண்ணை..."

தலைவரிடம் நீட்டினார்.

"எனக்கு முழங்கால் ஏலாதெண்டு தெரியுந்தானே."

பொருளாளர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஓடுறன் அண்ணை!"

பிரவீனன். பேக்கரியின் பாண் வான் ஓட்டுகிறவன். முப்பத்து நாலு வயது. தோளில் இருந்த மகளை இறக்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தான். நிர்வாகசபையின் ஒன்பது முகத்திலும் நிம்மதி பரவியது. அந்த நிம்மதியைப் பார்த்தபோதுதான் செல்வரட்ணத்துக்கு உச்சந்தலை கொதித்தது. தான் மறுத்தால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார். முடியாது. இவர்களுக்கு ஏற ஒரு ஆள் வேண்டும். எந்த ஆள் என்பது பற்றிக் கவலையில்லை.

"நில்லு."

"எனக்கு வடிவா ஓடத் தெரியும் அண்ணை. யூரியூப்பில பாத்தனான்."

"ஜூலியஸுக்கு என்னைவிட வடிவாத் தெரியும்."

திரும்பிக் கோயிலுக்குள் நடந்தார். கும்பிடப் போகிறார் என்று நினைத்தார்கள். அவர் மூலஸ்தானத்தைப் பார்க்கவேயில்லை. நேரே உண்டியலுக்குப் போய், அதன் வாயில் இரண்டு சாவியையும் வைத்து ஒரு விரலால் தள்ளினார். உள்ளே சில்லறையில் விழுந்து சத்தம் கேட்டது. மூன்று பூட்டுப் போட்ட உண்டியல். தேர் முடிந்த பிறகு, எல்லா நிர்வாகிகளும் கூடித்தான் திறக்கலாம். அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவர் தலைவர்.

தலைவர் ஓடிவந்தார், அந்த ஏலாத முழங்காலோடு.

"என்ன செய்யிறியள் நீங்கள்?"

"காணிக்கை."

"உங்களுக்கென்ன விசரே?"

"ஓம். ஒன்பது வருசமா."

அந்த வகைச் சாவி எந்த மோவர் கடையிலும் தனியாக வாங்கலாம். அது அவருக்குத் தெரியும், இவர்களுக்குத் தெரியாது. நாளைக்கு யாராவது கடைக்கு ஃபோன் அடித்துக் கேட்பார்கள். பிரவீனன் பின்னேரம் ஏறுவான். சரிவில் புல் நிற்கும் வரைக்கும் யாரோ ஒருவன் ஏறத்தான் போகிறான்.

கொட்டகைக்குப் போய், தோளில் கொழுவும் புல்வெட்டியை எடுத்தார். எண்ணெய் நிரப்பினார். கமலாம்பிகை பின்னால் வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும்."

"ஒரு ஏக்கர் கிடக்கு. இந்த வெயிலுக்கை..."

"இண்டைக்கு முடிக்கவேணும். தண்ணி கொண்டா."

சரிவில் குறுக்காக நின்று தொடங்கினார். புல்வெட்டியின் நைலோன் கயிறு சுழன்று புல்லைச் சீவி முகத்தில் அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார். இரண்டு வரி முடித்து நிமிர்ந்தபோது, மேலே சிவபாதம் குடும்பம் வண்டியைச் சுற்றி நின்று படமெடுத்துக்கொண்டிருந்தது. பொன்னெழுத்து இவ்வளவு தூரத்துக்கும் தெரிந்தது. சில்லுகளுக்கு முன்னால் நாலு தேசிக்காயும் நசியாமல் கிடந்தன.

செல்வரட்ணம் காறித் துப்பிவிட்டு மூன்றாம் வரியைத் தொடங்கினார்.