பாண் தின்ற பசு

எங்க பசு சினையா இருந்தப்போ, தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில பக்கத்துக் காம்பராவில குடியிருக்கிற அக்கா அதைப் பார்த்து, "என்ன மினுமினுப்பு! பார்த்துக்கிட்டே இருக்கலாம்" என்றார். மூணாம் நாள் பசுவுக்கு நடுக்கம் வந்துச்சு. தலை ஆடுது, நாலடி வச்சா பின்னங்கால் கோணி விழுது. கன்று போட மூணே வாரம்.

அக்கா கண்ணுதான், வேறென்ன! உப்பும் செத்தல் மிளகாயும் சுத்தி அடுப்பில போட்டேன். கண்ணூறு இருந்தா நெடி வராதுன்னு சொல்வாங்க. அன்னைக்கு லயமே இருமுச்சு. ஆனாலும் நான் விட்டேனா? அக்காவைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

புசல்லாவையிலிருந்து மாட்டு டாக்டர் அம்மா வந்தாங்க. "என்ன தீனி குடுக்கிறீங்க?"

"புல்லு, தவிடு, புண்ணாக்கு."

அவங்க கண்ணு மூலையில இருந்த சாக்கில நின்னுச்சு. என் வீட்டுக்காரருக்குக் கண்டியில பேக்கரி வேலை. விக்காத பாண் ரொட்டியை அந்தச் சாக்கில கொண்டு வருவார். அந்த வாரம் விடாத மழை, எல்லாம் பச்சையாப் பூத்திருச்சு. சோத்தை வீசுனா பாவம்னு வளந்தவ நான்.

"பூஞ்சணத்தைச் சுரண்டிட்டுத்தான் போட்டேன், டாக்டர்" என்றேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி.

"நீங்க சுரண்டினது மேல இருந்தது. நஞ்சு உள்ள இறங்கிருச்சு. அதுதான் நரம்பைப் பிடிச்சிருக்கு. பாணை நிறுத்துங்க, மாட்டை விரட்டாம காய்ஞ்ச இடத்தில விடுங்க. பசு தேறும்னு நினைக்கிறேன். கன்றைப் பத்தி இப்ப சொல்ல முடியாது."

பசுவை விட்டு நான் நகரவே இல்ல, புல்லு அறுக்கக்கூடப் போகல. ஆனா தினமும் பொழுது சாய, வாசல்ல ஒரு கட்டுப் புல்லு கிடந்துச்சு. கொழுந்து எடுத்துட்டு வர்ற வழியில அறுத்து, பேசாம வச்சுட்டுப் போனது யார்னு பார்த்தேன். அதே அக்கா! வெட்கத்தில நான் பசுவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்.

ஆறாம் நாள் பசு தானா எழும்பி, தொட்டிக்கு நேரா நடந்துச்சு. கணக்கு வச்ச நாள்ல கன்றும் போட்டுச்சு, கொழுகொழுன்னு ஒரு கிடாரி. அப்பாடா!

முதல் சீம்பாலைக் காய்ச்சிக்கிட்டு அக்கா வாசலுக்குத்தான் போனேன். "மன்னிச்சுக்குங்க அக்கா, உங்க மேல வீணாப் பழி போட்டுட்டேன்."

அவர் பாத்திரத்தை வாங்கிக்கிட்டு என் தோளுக்கு மேலால எட்டிப் பார்த்தார். கன்று துள்ளிக்கிட்டு நின்னுச்சு. சட்டுன்னு கையால வாயைப் பொத்திக்கிட்டார். "ஆத்தாடி, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்!"

"சொல்லுங்க அக்கா" என்றேன். "லயத்துக்கே கேக்கிற மாதிரி சொல்லுங்க."