எர்லீன் சொல்லிக்கொடுத்த நான்கு வாக்கியம்

எங்கள் ஊரில் எர்லீன் விட்லோவைத் துப்பாக்கிக்காரி என்றுதான் சொல்வார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள், ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. அது யாருக்கும் ஞாபகம் இல்லை. சனிக்கிழமை காலையில் எங்கள் சர்ச்சின் கீழ்த்தளத்தில் துப்பாக்கி லைசென்ஸ் வகுப்பு நடத்தினாளே, அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் அவளுக்கு எதிர்வீட்டுக்காரி, பார்லர் வைத்திருப்பவள், அந்த வகுப்பில் பெயர் எழுதும் மேசையில் உட்கார்ந்தவள். என் பெயர் ஓபல். வாயாடி என்பார்கள், இருக்கட்டும்.

அவள் ஒன்றும் ஆசைப்பட்டுத் துப்பாக்கி வாங்கவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவளும் மகளும் தனியாக இருந்தபோது ஒருவன் பின்கதவை உடைத்தான். இரண்டு பேரும் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு போலீசுக்குப் போன் செய்தார்கள். ஐம்பது நிமிஷம் கழித்து வந்த போலீஸ்காரர், "உன் சிநேகிதக்காரனோட சண்டையா?" என்று கேட்டாராம். அடுத்த வாரமே எர்லீன் லைசென்சுக்கு எழுதிப் போட்டாள். பட்டாளத்தில் நாலு வருஷம் இருந்தவள், சுடத் தெரியும்.

"யாரும் துப்பாக்கி வச்சுக்கலாம்னு அரசியல் சட்டத்துல எழுதியிருக்குடி ஓபல். வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு அதுல போடலையே," என்பாள்.

"போடாமலே அப்படித்தான்டி நடக்குது," என்பேன்.

"நீ வாயை மூடிட்டுப் பேரை எழுது."

அவள் வகுப்பில் சுடுவது கொஞ்சம்தான், பேசுவதுதான் அதிகம். இரண்டு மடக்கு நாற்காலியை முன்னும் பின்னுமாகப் போடுவாள். அதுதான் கார். வந்தவர்கள் ஒவ்வொருவராக முன் நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டீரிங்கைப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் போலீஸ்காரர் வந்து நிற்பார். உடனே நான்கு வாக்கியம் சொல்ல வேண்டும். "சார், எங்கிட்ட லைசென்ஸ் இருக்கு. துப்பாக்கியும் இருக்கு. என் ரெண்டு கையும் ஸ்டீரிங் மேலதான் இருக்கு. நான் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க." இந்த நான்கையும் அட்டையில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, காரில் வெயில் மறைப்பில் செருகச் சொல்லி ஆளுக்கொன்று கொடுப்பாள். கறுப்பர்களான எங்கள் ஆட்கள் துப்பாக்கிக்குப் பயந்ததைவிட, துப்பாக்கியோடு போலீஸ்காரர் கையில் சிக்குவதற்குத்தான் பயந்தார்கள். அதனால்தான் அந்த வகுப்புக்கு அவ்வளவு கூட்டம்.

போலீஸ்காரராக வந்து நின்றது நிஜ போலீஸ்காரர்தான். கெல்வின் பெட்டிஃபோர்ட், எங்கள் சர்ச்சுப் பிள்ளை, அவன் அம்மா முதல் வரிசையில் உட்காருபவர். எர்லீன் கூப்பிட்டாள் என்று வேலை இல்லாத சனிக்கிழமையிலும் சீருடை போட்டுக்கொண்டு வருவான். நான்கு வாக்கியத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சொன்னதுக்கு நன்றி சார். கை அங்கேயே இருக்கட்டும். நான் என்னோடதைத் தொடல, நீங்களும் உங்களோடதைத் தொட வேண்டாம்," என்பான். அந்தக் கடைசி வரிக்கு எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்தால் பயம் போய்விடும் என்பது எர்லீனின் கணக்கு.

லமாண்டும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். நாற்பத்தாறு வயசு, பழுதான வண்டியை இழுத்துப் போகும் லாரி வைத்திருந்தான். எங்கள் பாட்டுக்குழுவில் அடிக்குரல் அவனுடையது.

"சிஸ்டர் எர்லீன், 'சார்' போடலைன்னா பாஸா ஃபெயிலா?" என்று கேட்டான்.

"ஃபெயில். உன் பெண்டாட்டிகிட்ட 'மேடம்'னு சொல்லிச் சொல்லிப் பழகு."

"தினமும் அதைத்தானே சொல்றேன்!" என்றான். பக்கத்திலிருந்த அவன் பெண்டாட்டி டெனீஸ் அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

அந்த ஜூலையில், ஒரு வியாழக்கிழமை மாலை, நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுபோன ஒரு காரை இழுக்கப் போயிருந்தான் லமாண்ட். யாரோ வண்டி திருடுகிறான் என்று எவனோ போன் செய்துவிட்டான். போலீஸ் வந்தபோது லமாண்ட் லாரியில் ஸ்டீரிங் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். மூன்று குண்டு, அங்கேயே உயிர் போய்விட்டது. மறுநாள் டிவியில் அதிகாரி ஒருவர் வந்து, "அவரிடம் ஆயுதம் இருந்தது, அவர் ஒத்துழைக்கவில்லை," என்று சொல்லிவிட்டுப் போனார். பாவி, பூனைக்குட்டி காணாமல் போனதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

லாரியின் முன்கண்ணாடியில் ஒரு கேமரா இருந்தது. சாலையைத்தான் காட்டும், ஆனால் உள்ளே பேசுவது கேட்கும். வக்கீல் கொடுத்த அந்தப் பதிவோடு டெனீஸ் எர்லீன் வீட்டுக்கு வந்தாள். நானும் இருந்தேன்.

"என்னால கேக்க முடியல. நீ கேட்டுச் சொல்லு. அவர் ஏதாவது தப்பா சொல்லிட்டாரா? பயத்துல ஏதாவது விட்டுட்டாரா?"

எர்லீன் போனைக் காதோடு வைத்துக் கேட்டாள். முகம் மாறவே இல்லை. இன்னொரு தடவை கேட்டாள். அப்புறம் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"ஒண்ணும் விடல டெனீஸ். நாலும் சொன்னார். 'சார்' கூடப் போட்டார். முடிச்சு ரெண்டு செகண்டுல..."

டெனீஸ் போன பிறகு எர்லீன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். "நான் சொல்லிக்கொடுத்ததைத்தான்டி சொன்னான். சும்மா இருந்திருந்தா பிழைச்சிருப்பானோ?" என்றாள். நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

எர்லீன் சந்தா கட்டி உறுப்பினராக இருந்த துப்பாக்கிக்காரர் சங்கம் ஒன்று இருந்தது. உரிமை, உரிமை என்று மாதா மாதம் பத்திரிகை அனுப்புவார்கள். அவர்களுக்குப் போன் செய்தாள். "லைசென்ஸ் வச்சிருந்தவர், அதைச் சொன்னவர். நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாதா?" என்று கேட்டாள். விசாரணை முடியட்டும் என்று பதில் வந்தது. அன்றைக்கே உறுப்பினர் அட்டையை வெட்டிக் குப்பையில் போட்டாள்.

லமாண்டின் உடலைப் பார்க்க ஊரே வரிசையில் நின்றது. கெல்வினும் வந்தான், சீருடை இல்லாமல், கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு. யாரும் அவனுக்குக் கை கொடுக்கவில்லை. "உன் கூட்டாளிகளைப் போய்ப் பாரு," என்று ஒருவன் காதுபடச் சொன்னான். கெல்வின் நேராக எர்லீனிடம் வந்தான்.

"சிஸ்டர் எர்லீன், சனிக்கிழமை..."

"நீ வர வேண்டாம். உன் மூஞ்சியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கல."

அவன் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனான். அவன் சுடவில்லை, அந்தப் பக்கமே இல்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் பார்லரில் ஒரு பெண்ணுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். டிவியில் அவசரச் செய்தி வந்தது. வெளியூரிலிருந்து ஒருவன் கடையில் முறைப்படி வாங்கிய ரைஃபிளோடு வந்து, பெட்ரோல் பங்கில் நின்ற இரண்டு போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்றுவிட்டான். லமாண்டுக்காக என்று எழுதி வைத்துவிட்டுச் செத்தான். லமாண்டை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"இப்பவாவது தெரியட்டும் வலின்னா என்னன்னு," என்றாள் நாற்காலியில் இருந்தவள். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். பொய் சொல்ல மாட்டேன், என் மனசிலும் ஒரு மூலையில் அந்த எண்ணம் எட்டிப் பார்த்தது. அப்போது செத்த போலீஸ்காரர்களின் படம் போட்டார்கள். ஒருவன் கெல்வின். ஆமாம் போட்டவர்கள் டிவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

அந்தத் துப்பாக்கிக்காரர் சங்கம் ஒரு மணி நேரத்தில் அனுதாபச் செய்தி போட்டது. ஒரு மணி நேரம்! லமாண்டுக்கு விசாரணை முடிய வேண்டுமாம்.

கெல்வினின் அடக்கத்துக்கு ஆயிரம் போலீஸ் வண்டி வந்தது. எர்லீன் கல்லறைத் தோட்டத்தின் வெளிக்கதவோரம் நின்றாள். அவன் அம்மாவின் முன்னால் போக அவளுக்குக் கால் வரவில்லை. "கடைசியா நான் அவனுக்குச் சொன்னதைப் பாரு ஓபல்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு இருக்காது என்று நினைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் படிக்கட்டு வரை கூட்டம், நாற்பத்தொரு பேர். துப்பாக்கிக் கடையில் சரக்கே இல்லையாம். எர்லீன் வந்தாள், பழக்கத்தில் இரண்டு நாற்காலியையும் போட்டாள், அட்டைக் கட்டைக் கையில் எடுத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

பின்வரிசையிலிருந்து டெனீஸ் எழுந்து வந்தாள். அவள் வந்திருப்பதே எங்களுக்குத் தெரியாது. முன் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டிக் காற்றில் ஸ்டீரிங்கைப் பிடித்தாள்.

"வா எர்லீன். நீ போலீஸ்."

"டெனீஸ், வேண்டாம்..."

"வந்து நில்லுன்னு சொல்றேன்ல."

எர்லீன் பக்கத்தில் போய் நின்றாள். டெனீஸ் நேரே பார்த்துக்கொண்டு சொன்னாள். "சார், எங்கிட்ட லைசென்ஸ் இருக்கு. துப்பாக்கியும் இருக்கு. என் ரெண்டு கையும் ஸ்டீரிங் மேலதான் இருக்கு. நான் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க."

எர்லீன் சொன்னாள், கெல்வின் சொல்வதுபோலவே. "சொன்னதுக்கு நன்றி மேடம். கை அங்கேயே இருக்கட்டும். நான் என்னோடதைத் தொடல, நீங்களும் உங்களோடதைத் தொட வேண்டாம்."

யாரும் சிரிக்கவில்லை. டெனீஸ் கையை இறக்கவே இல்லை.

"இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

எர்லீன் அந்தப் பதிவை இரண்டு தடவை கேட்டவள். "எட்டு செகண்டு, டெனீஸ்."

"எட்டு செகண்டுதானா," என்றாள் டெனீஸ். எர்லீன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையைக் கீழே இறக்கி விட்டாள். அன்றைக்கு அட்டை யாருக்கும் கொடுக்கவில்லை. வந்தவர்களிடம் என்ன சொல்லி அனுப்புவது என்று என்னைத்தான் கேட்டாள். நான் பெயர் எழுதிய தாளை எடுத்து, நாற்பத்தொரு பெயரையும் மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.