அத்தையின் முழங்காலுக்கு நாற்பது நாள் செபமாலை

பிசியோதெரபி செய்ய வந்த பெண்ணின் பையில் ஒரு பிளாஸ்டிக் அளவுகோல் இருக்கும். இரண்டு ஸ்கேலைத் திருகாணியில் கோத்தது போன்றது. அதை அத்தையின் முழங்காலுக்குப் பக்கவாட்டில் பிடித்து, எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பார்ப்பாள். மூட்டு மாற்றி வீடு திரும்பிய முதல் வாரம் எழுபது காட்டியது. தொண்ணூறைத் தாண்டினால்தான் பயமில்லாமல் படி இறங்கலாம் என்றாள். அத்தைக்குத் திருவொற்றியூரில் லிப்ட் இல்லாத குடியிருப்பில் மூன்றாவது மாடி. காசிமேட்டில் இருபத்தைந்து வருடம் மீன் வெட்டியவர். இனி தரையில் உட்கார முடியாது, உயரமான பெஞ்சு போட்டு வெட்டிக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியிலேயே திட்டம் போட்டுவிட்டார். கீழே இறங்கிவிட்டால் போதும் அவருக்கு.

வலிக்குப் பயந்து ஆபரேஷனை மூன்று வருடம் தள்ளிப்போட்டதில் கால் ஏற்கெனவே விறைத்திருந்தது. இப்படிப்பட்ட காலை உடனே மடக்கிப் பழக்காவிட்டால் உள்ளே தழும்பு கட்டி இறுகிவிடும் என்று டாக்டர் எச்சரித்துத்தான் அனுப்பினார். தினமும் மாலை ஐந்து மணிக்கு அந்தப் பெண் வந்து மடக்குவாள். அத்தை போடும் சத்தம் கீழே தெருவரை கேட்கும். நான் குழாயடிக்குப் போகிற சாக்கில் ஓடிவிடுவேன்.

அதே ஐந்து மணிக்குத்தான் எங்கள் அன்பியத்தார், அதாவது எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த தெருக் குடும்பங்கள், அத்தை எழுந்து நடக்க வேண்டுமென்று நாற்பது நாள் செபமாலை சொல்ல வந்தார்கள். வேண்டாம் என்று அவர்களிடம் எந்த வாயால் சொல்வது? பிசியோ பெண்ணுக்கோ வேறு நேரம் ஒழியவில்லை. நாற்பது நாள் செபம் முடிந்ததும் வாருங்கள் என்று அவளை அனுப்பிவிட்டேன். உண்மையில் எனக்கும் அது விடுதலைதான்.

"இப்ப மடக்கலைன்னா அப்புறம் மடங்காது சார்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

முழங்காலுக்கடியில் தலையணை வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். நானே வைத்தேன். சுகமாக இருக்கிறது என்றார் அத்தை. பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்து மனமுருகி வேண்டினோம், கால் அசையாமல் கிடந்தது. நாற்பத்தோராம் நாள் பிசியோ பெண் வந்து அளந்தபோது ஐம்பத்தைந்து. நேராக நீட்டவும் முடியவில்லை. மயக்க மருந்து கொடுத்து மடக்கிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். இன்னொரு முறை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அத்தை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

மற்ற முழங்காலும் தேய்ந்ததுதான், மூன்று மாடியை அது தாங்காது. இப்போது பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து, கயிற்றில் கூடையை இறக்கிக் காய்கறி வாங்குகிறார். போன ஞாயிறு, கடையில் வெட்டி வாங்கிய மீனோடு அத்தை வீட்டுக்குப் போனேன். துண்டுகளைப் புரட்டிப் பார்த்து, எவள் இப்படிக் கொத்தி வைத்தாள் என்று திட்டினார். அன்று பிசியோ பெண்ணை நான் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாது, நீங்கள் கத்தியதைக் கேட்க முடியவில்லை என்றேன்.

அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"வலிச்சது எனுக்குதானடா நைனா. நீ இன்னாத்துக்குப் பயந்த?"

மீனை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.